வகைமைக் கோட்பாடும் எடுத்துரைப்பியலும்: 'ரோஜா' (1992) திரைப்படத்தை முன்வைத்து

ஒரு திரைப்படம் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை ஆராய்வது வகைமைக் கோட்பாடு. அதன் கதை எவ்வாறு அடுக்கப்பட்டு, யார் வழியாகச் சொல்லப்படுகிறது என்பதை ஆராய்வது எடுத்துரைப்பியல். இவ்விரண்டும் இலக்கிய ஆய்விலிருந்து திரைப்பட ஆய்வுக்கு வந்தவை. காட்சித் தொடர்பியல், தமிழ் இலக்கியம், நாட்டார் வழக்காற்றியல் ஆகிய துறைகளில் பயிலும் மாணவர்கள் இவற்றைப் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்கின்றனர். ஒரு படத்தில் பொருத்திப் பார்க்கும்போதுதான் அவற்றின் பயன் விளங்கும்.

இக்கட்டுரை மணிரத்னம் இயக்கிய 'ரோஜா' படத்தை அவ்வாறு பொருத்திப் பார்க்கிறது. கதைநாயகி ரோஜாவின் ஊராகப் படத்தில் வருவது சுந்தரபாண்டியபுரம். அது தென்காசிப் பகுதியில், ஆய்க்குடிக்கு அருகில் உள்ள வயல் சூழ்ந்த ஊர். படம் வெளியானபோது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளது.

'ரோஜா' ஒரு கடினமான கேள்வியைக் கேட்கிறது: ஒருவர் உயிரைக் காக்க, சிறையிலுள்ள தீவிரவாதியை அரசு விடுவிக்கலாமா? படம் இக்கேள்விக்கு விடை சொல்கிறதா, அல்லது விடை சொல்லாமலேயே கதையை மகிழ்ச்சியாக முடித்துவிடுகிறதா என்பதைக் கண்டறிய மேற்கண்ட கோட்பாடுகள் உதவுகின்றன.

வகைமை என்றால் என்ன?

வகைமை என்பது படைப்பாளிக்கும் பார்வையாளருக்கும் இடையே உள்ள எழுதப்படாத உடன்பாடு. 'பேய்ப் படம்' என்று கேள்விப்பட்டுத் திரையரங்குக்குச் செல்பவர் அச்சத்தை எதிர்பார்க்கிறார். 'குடும்பப் படம்' என்றால் பிரிந்தவர் கூடுவர் என்று எதிர்பார்க்கிறார்.

தமிழருக்கு இக்கருத்து புதியதன்று. தூது, உலா, பள்ளு, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று சிற்றிலக்கியங்களை வகுத்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன உறுப்புகள் வரவேண்டும் என்று பாட்டியல் நூல்கள் இலக்கணம் கூறின. தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய 'திருக்குற்றாலக் குறவஞ்சி' இதற்கு நல்ல சான்று. தலைவன் உலா வருவான், தலைவி கண்டு காதல் கொள்வாள், குறத்தி வந்து குறி சொல்வாள், பிறகு சிங்கன் தன் சிங்கியைத் தேடி அலைவான் என்பது கேட்பவர்க்கு முன்பே தெரியும். தெரிந்த வரிசை இம்முறை எவ்வாறு புதிதாக வருகிறது என்பதில்தான் சுவை இருக்கிறது.

திரைப்பட ஆய்வாளர் ஸ்டீவ் நீல் கூறுவதும் இதை ஒட்டியதே. வகைமை என்பது மீளக் கூறுதலும் வேறுபாடும் சேர்ந்தது என்பது அவர் கருத்து. முழுவதும் பழையதாக இருந்தால் சலிப்பு வரும்; முழுவதும் புதியதாக இருந்தால் எந்த எதிர்பார்ப்போடு பார்ப்பது என்பது விளங்காது.

ரிக் ஆல்ட்மன் 1984இல் வெளியிட்ட கட்டுரையில் வகைமையை இரு நிலைகளில் பார்க்கச் சொன்னார். ஒன்று, பொருட்கூறுகள்: இடம், உடை, பாத்திரம், கருவிகள் போன்றவை. மற்றொன்று, தொடரமைப்பு: அக்கூறுகள் எந்த உறவில் கோக்கப்படுகின்றன என்பது. செங்கல்லும் கட்டடமும் போல என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரே செங்கல்லால் வீடும் கட்டலாம், சிறையும் கட்டலாம்.

படமும் அதன் பின்னணியும்

'ரோஜா' 1992 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. கே. பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம் தயாரித்தது. மணிரத்னத்துடன் எழுத்தாளர் சுஜாதா வசனத்தில் பங்களித்தார். ஒளிப்பதிவு சந்தோஷ் சிவன், படத்தொகுப்பு சுரேஷ் அர்ஸ். ஏ.ஆர். ரகுமான் இசையமைப்பாளராக அறிமுகமான படம் இது. நாட்டு ஒருமைப்பாட்டுக்கான சிறந்த படம், சிறந்த இசை, வைரமுத்துவுக்குச் சிறந்த பாடல் என மூன்று தேசிய விருதுகளை இப்படம் பெற்றது.

கதைக்குத் தூண்டுதலாக அமைந்தது ஓர் உண்மை நிகழ்வு. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் உயர் அதிகாரி துரைசாமி 1991 ஜூன் மாதம் காஷ்மீரில் கடத்தப்பட்டு, ஆகஸ்ட் மாதம் விடுதலையானார். சிறையிலிருந்த தீவிரவாதிகள் சிலரை விடுவித்த பேரத்தின் வழியாகவே அவ்விடுதலை கிடைத்தது. அதற்கு முன் 1989 டிசம்பரில் அப்போதைய உள்துறை அமைச்சர் முப்தி முகமது சயீதின் மகள் ருபையா சயீத் கடத்தப்பட்டபோதும், ஐந்து பேரை அரசு விடுவித்தது. ஆகவே 1992இல் இப்படத்தைப் பார்த்தவர்களுக்குப் பரிமாற்றம் என்ற சொல் செய்தித்தாளில் படித்துப் பழகிய சொல்லாக இருந்தது.

கதைச் சுருக்கம்

காஷ்மீரில் வாசிம் கான் என்னும் தீவிரவாதியை இராணுவம் பிடிப்பதுடன் படம் தொடங்குகிறது. பின்னர் கதை சுந்தரபாண்டியபுரத்துக்கு வருகிறது. சென்னையில் சங்கேதக் குறியீட்டு வல்லுநராகப் பணிபுரியும் ரிஷிகுமார் (அரவிந்த்சாமி), ரோஜாவின் அக்காள் செண்பகத்தைப் பெண் பார்க்க வருகிறான். செண்பகம் தன் அத்தை மகனை விரும்புவதாகத் தனிமையில் சொல்லி, தன்னை மறுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறாள். ரிஷி அவளைக் காட்டிக்கொடுக்காமல், தங்கை ரோஜாவை (மதுபாலா) மணக்க விரும்புவதாகச் சபையில் கூறுகிறான். திருமணம் நடக்கிறது. அக்காளை அவமானப்படுத்தியவன் என்று எண்ணி ரோஜா அவனை வெறுக்கிறாள். உண்மை தெரிந்ததும் வெறுப்பு அன்பாகிறது.

ரிஷிக்குக் காஷ்மீரில் பணி வருகிறது. உடன் சென்ற ரோஜா ஒருநாள் காலையில் கோயிலுக்குப் போகிறாள். அவளைத் தேடி வந்த ரிஷி கடத்தப்படுகிறான். வாசிம் கானை விட்டால் ரிஷியை விடுவோம் என்கின்றனர் கடத்தியவர்கள். தமிழ் மட்டுமே தெரிந்த ரோஜா காவல் துறையிடமும் இராணுவ அதிகாரி ராயப்பாவிடமும் (நாசர்) மன்றாடுகிறாள். ராயப்பா மறுக்கிறார். பிறகு அமைச்சரைச் சந்திக்கிறாள், அவர் இசைகிறார்.

இதற்கிடையே, பிடியிலிருக்கும் ரிஷி தேசியக் கொடி எரிக்கப்படும்போது அதன்மேல் பாய்ந்து தீயை அணைக்கிறான். கடத்தல் குழுவின் தலைவன் லியாகத் (பங்கஜ் கபூர்), எல்லை தாண்டிச் சென்ற தன் தம்பியை அங்குள்ள படையினரின் துப்பாக்கிக்குப் பலி கொடுக்கிறான். லியாகத்தின் தங்கை உதவியால் ரிஷி தப்புகிறான். குறித்த இடத்துக்கு ரிஷி வராததால், அவன் இறந்துவிட்டான் என்று கருதி ராயப்பா வாசிம் கானைத் திரும்ப அழைத்துச் செல்கிறார். தப்பி வரும் ரிஷியை லியாகத் துப்பாக்கி முனையில் மறிக்கிறான், இறுதியில் விட்டுவிடுகிறான். கணவனும் மனைவியும் சேர்கின்றனர்.

வகைமை நோக்கில்: ஒரு படத்துக்குள் இரு படங்கள்

படத்தின் முற்பகுதி தமிழ்ச் சினிமாவின் கிராமக் காதல் கதை. அருவி, வயல், பெண் பார்க்கும் சடங்கு, குறும்புக்காரத் தங்கை, ஊர்ப் பெரியவர்கள் ஆகியவை அதன் பொருட்கூறுகள். பிற்பகுதி பணயக்கைதிப் பரபரப்புக் கதை. இராணுவம், துப்பாக்கி, மறைவிடம், கெடு, பேரம் ஆகியவை அதன் பொருட்கூறுகள்.

தொடரமைப்பும் வேறுபடுகிறது. முற்பகுதியின் வரிசை: திருமணம், தவறான புரிதல், உண்மை வெளிப்படுதல், கூடல். பிற்பகுதியின் வரிசை: கடத்தல், பேரம், தப்புதல், மீட்சி. முதல் வரிசை வீட்டுக்குள் முடியும் சிக்கல். இரண்டாவது, அரசு முடிவெடுக்க வேண்டிய சிக்கல்.

இவ்விரண்டையும் ஒட்டவைக்கும் உத்திகளில் ஒன்று, வாசிம் கான் பிடிபடும் காட்சியைப் படத்தின் தொடக்கத்திலேயே வைத்தது. அது இல்லாமல் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து கதை தொடங்கியிருந்தால், இடைவேளையை ஒட்டி வரும் கடத்தல் எங்கிருந்தோ வந்து விழுந்ததுபோல் இருந்திருக்கும். தொடக்கத்தில் துப்பாக்கியைப் பார்த்துவிட்ட பார்வையாளர், ரோஜா அருவியிலும் வயலிலும் ஆடிப்பாடும்போதும் ஏதோ ஒன்று காத்திருக்கிறது என்ற நினைவோடு பார்க்கிறார்.

கலப்பு வகைமையில் எப்போதும் ஒரு கேள்வி எழும்: முடிவை எந்த வகைமை தீர்மானிக்கும்? காதல் கதை எனில் இருவரும் சேரவேண்டும். நாட்டுப்பற்றுக் கதை எனில் நாடு தோற்கக்கூடாது. 'ரோஜா' இரண்டையும் நிறைவேற்ற வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது. இது பிற்பாடு முக்கியமாகும்.

சமநிலையும் குலைவும்

ஸ்வெதான் தொதரோவின் கருத்துப்படி, கதை ஒரு சமநிலையில் தொடங்கும், ஒரு விசை அதைக் குலைக்கும், குலைவு உணரப்படும், சரிசெய்ய முயற்சி நடக்கும், புதிய சமநிலை ஏற்படும். முடிவில் வரும் சமநிலை தொடக்கத்தில் இருந்ததைப் போலவே இருக்காது என்பது கவனிக்கத்தக்கது.

'ரோஜா'வில் இந்த ஐந்து படிகள் இருமுறை வருகின்றன. முதல் சுற்றில் ஊரின் மகிழ்ச்சி சமநிலை. ரிஷி தங்கையைக் கேட்பது குலைவு. உண்மை தெரிந்து அன்பு மலர்வது புதிய சமநிலை. அந்தப் புதிய சமநிலையே இரண்டாம் சுற்றுக்குத் தொடக்கம், கடத்தல் குலைவு, இறுதிச் சந்திப்பு புதிய சமநிலை.

இரு சுற்றுகளையும் ஒப்பிட்டால் ரோஜாவின் மாற்றம் தெரியும். முதல் சுற்றில் மற்றவர் எடுத்த முடிவுக்கு அவள் ஆட்படுகிறாள். அக்காள் ஒன்று கேட்டாள், ரிஷி ஒன்று சொன்னான், பெரியவர்கள் இசைந்தார்கள். தாலி அவள் கழுத்தில் ஏறியது. இரண்டாம் சுற்றில் அவளே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். மொழி தெரியாத ஊரில் தமிழிலேயே வாதாடுகிறாள். (இந்தி மொழிமாற்று வடிவில் அவளும் இந்தி பேசுவதால் இந்த மொழித்தடையின் கூர்மை குறைந்துவிட்டது. ஒரு படத்தின் மொழி மாறினால் அதன் கதைத் தடையும் மாறலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.)

பாத்திரமும் வினையும்

உருசிய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928இல் வெளியிட்ட நூலில், நூறு மாயக் கதைகளை ஆராய்ந்து 31 வினைகளையும் ஏழு பாத்திர வட்டங்களையும் வகுத்தார். எதிரி, கொடையாளி, உதவியாளர், இளவரசி, அனுப்புநர், வீரர், போலி வீரர் என்பன அவ்வட்டங்கள். ஒரு பாத்திரம் யார் என்பதைவிட, கதைக்குள் அது என்ன வேலை செய்கிறது என்பதே அவருக்கு முக்கியம்.

'ரோஜா'வில் இப்பட்டியலை வைத்துப் பார்த்தால், சில இடங்களில் பொருத்தம் எளிதாகக் கிடைக்கும். வழி தெரியாத ஊரில் ரோஜாவுக்குத் துணைநிற்கும், தமிழ் பேசும் அச்சு மகராஜ் (ஜனகராஜ்) உதவியாளர். ஆனால் லியாகத்தை எங்கே வைப்பது? கடத்தும்போது எதிரி, இறுதியில் ரிஷியை விடும்போது கொடையாளி. ராயப்பா ரோஜாவுக்குத் தடை, அதே வேளையில் பாதுகாவலர். போலி வீரர் இப்படத்தில் இல்லை. இல்லாத ஒன்றை வலிந்து கண்டுபிடித்து எழுதுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ஒரு கட்டம் காலியாக இருப்பதும், ஒரு பாத்திரம் இரு கட்டங்களில் நிற்பதும் ஆய்வுக்கு உரிய செய்திகளே.

ஏ.ஜே. கிரைமாஸ் 1966இல் பிராப்பின் பட்டியலை ஆறு வினைநிலைகளாகச் சுருக்கினார். விழைபவர், விழையும் பொருள்; அனுப்புநர், பெறுநர்; துணை, எதிர் என்பவை மூன்று இணைகள். இப்படத்துக்கு ஒரே அட்டவணை போடமுடியாது, இரண்டு தேவைப்படுகின்றன.

முதல் அட்டவணையில் விழைபவர் ரோஜா. விழையும் பொருள் கணவனின் உயிர். அனுப்புவது அன்பு, துணை அச்சு மகராஜ், பின்னர் அமைச்சர், எதிர் கடத்தல் குழு மட்டுமன்று, விடுதலைக்கு மறுக்கும் அரசும் கூட.

இரண்டாம் அட்டவணையில் விழைபவர் ரிஷி. விழையும் பொருள் நாட்டின் மானம். அனுப்புவது நாடு, துணை லியாகத்தின் தங்கை, எதிர் கடத்தல் குழு.

இரண்டையும் அருகருகே வைத்தால் படத்தின் உண்மையான மோதல் வெளிப்படும். ரோஜா கேட்பது கிடைத்தால் ரிஷி காப்பாற்ற நினைப்பது தோற்கும். தனக்காக ஒரு தீவிரவாதி விடுவிக்கப்படுவதை ரிஷி விரும்பவில்லை. ஒருவரையொருவர் உயிராக நேசிக்கும் கணவனும் மனைவியும், தமக்கே தெரியாமல், எதிரெதிர் அட்டவணைகளில் நிற்கின்றனர். துப்பாக்கியும் துரத்தலும் இந்த மோதலைச் சுற்றி அமைந்தவையே.

யாருக்கு எவ்வளவு தெரியும்?

பிரெஞ்சு அறிஞர் ழெரார் ஜெனெத் 1972இல் ஒரு முக்கிய வேறுபாட்டை முன்வைத்தார். கதையில் யார் பேசுகிறார் என்பது ஒரு கேள்வி. யார் பார்வையில் பார்க்கிறோம் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதை நோக்குநிலை எனலாம். பார்வையாளருக்குப் பாத்திரத்தைவிட அதிகம் தெரியலாம், அதே அளவு தெரியலாம், அல்லது குறைவாகத் தெரியலாம்.

படத்துக்கு 'ரோஜா' என்று பெயர். எனினும் முக்கியமான மூன்று இடங்களில் ரோஜாவைவிட நமக்கே அதிகம் தெரிகிறது.

முதலாவது, பெண் பார்க்கும் காட்சி. செண்பகம் ரிஷியிடம் சொன்னதை நாம் கேட்டுவிட்டோம், ரோஜா கேட்கவில்லை. ஆகவே அவளது கோபத்தைப் பார்த்து நாம் அவளோடு சேர்ந்து கோபப்படுவதில்லை; உண்மை எப்போது தெரியும் என்று காத்திருக்கிறோம்.

இரண்டாவது, கடத்தலுக்குப் பின். ரிஷி எங்கே இருக்கிறான், எப்படி நடத்தப்படுகிறான் என்பதை நாம் பார்க்கிறோம், ரோஜா பார்ப்பதில்லை.

மூன்றாவது, பரிமாற்ற இடம். ரிஷி தப்பி ஓடிவருகிறான் என்பது நமக்குத் தெரியும். அவன் இறந்துவிட்டதாக நினைத்து ரோஜா கதறுகிறாள்.

இரு வகைமைகளாகப் பிரிந்து கிடக்கும் படத்தை ஒன்றாகப் பிடித்துவைப்பது இந்த அறிவு இடைவெளிதான். முற்பகுதியில் அது இனிய எதிர்பார்ப்பைத் தருகிறது. பிற்பகுதியில் பதற்றத்தைத் தருகிறது. உத்தி ஒன்று, பயன் இரண்டு.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பரிமாற்றம் நடக்குமா என்ற கேள்வி உச்சத்தை எட்டும்போது, ரிஷி ஏற்கனவே தப்பிவிட்டான் என்பது நமக்குத் தெரியும். அதனால் வாசிம் கானை விடலாமா என்று நாம் உண்மையாகக் கவலைப்படுவதில்லை. நம் கவலை ரிஷி நேரத்துக்கு வந்து சேர்வானா என்பதாக மாறிவிடுகிறது. நாட்டுக் கேள்வி ஓட்டக் கேள்வியாகிறது.

இருமை எதிர்வுகளும் அவை மறைப்பனவும்

தொன்மங்கள் எதிரெதிர் இணைகளால் கட்டப்படுகின்றன என்றும், தீர்க்கமுடியாத முரண்களைக் கதையளவில் இணக்கப்படுத்துவதே அவற்றின் வேலை என்றும் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் கருதினார். 'ரோஜா'வில் தெற்கு–வடக்கு, கிராமம்–எல்லை, வீடு–நாடு, அருவி–பனி, தமிழ்–பிறமொழி எனப் பல இணைகள் உள்ளன.

இணைகளைப் பட்டியலிடுவதோடு நிறுத்தக்கூடாது. எந்தப் பக்கத்துக்குப் படம் அதிக இடம் தருகிறது என்றும் கேட்கவேண்டும். சுந்தரபாண்டியபுரத்து மக்களுக்கு வீடு உண்டு, உறவு உண்டு, சடங்கு உண்டு, பாட்டு உண்டு. காஷ்மீர் மக்களின் அன்றாட வாழ்வுக்கு அந்த அளவு இடம் இல்லை. லியாகத்துக்கு ஒரு குடும்பம் காட்டப்படுகிறது. ஆனால் அதையும் நாம் பெரும்பாலும் ரிஷியின் அருகிலிருந்தே பார்க்கிறோம். ஆய்வாளர் தேஜஸ்வினி நிரஞ்சனா 1994இல் எழுதிய கட்டுரையில், இப்படம் முன்வைக்கும் 'நாடு' யாருடையது என்ற கேள்வியை எழுப்பினார். அதைத் தொடர்ந்து ஆய்வுலகில் விரிவான விவாதம் நடந்தது.

படத்தை விரும்பிப் பார்ப்பதும் இக்கேள்வியைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நோக்குநிலை என்ற கருவியைப் பயன்படுத்தினால், விவாதம் பிடிக்கும், பிடிக்காது என்பதிலிருந்து விலகி, எந்தக் காட்சி யார் பார்வையில் அமைந்தது என்ற சரிபார்க்கக்கூடிய தளத்துக்கு வருகிறது.

சாவித்திரி, கண்ணகி, திணை

மேலைக் கோட்பாடுகளோடு நம் மரபிலுள்ள கதை வடிவங்களையும் வைத்துப் பார்ப்பது பயன்தரும். எமனிடம் வாதாடிக் கணவன் சத்தியவானின் உயிரை மீட்ட சாவித்திரியின் கதை மகாபாரதத்தில் வருகிறது. 'ரோஜா' அதன் இக்கால வடிவம் என்று பரவலாகக் கூறப்படுகிறது. சாவித்திரி தன் சொல்லாற்றலால் வென்றாள். ரோஜாவின் சொல்லும் அமைச்சரை இசையச் செய்கிறது. ஆனால் கணவன் மீண்டது அந்த இசைவினால் அன்று. அவனே தப்பி வந்ததாலும், லியாகத்தின் மனமாற்றத்தாலும். சாவித்திரிக் கதையின் சட்டகத்தைப் படம் எடுத்துக்கொள்கிறது. வெற்றியை மட்டும் சாவித்திரியிடமிருந்து எடுத்துச் சத்தியவானிடம் கொடுத்துவிடுகிறது.

வேற்றூரில் கணவனுக்காக ஆட்சியாளர் முன் நின்று கேட்கும் பெண் என்ற வகையில் கண்ணகியும் நினைவுக்கு வருவாள். கண்ணகி கேட்டது நீதி; ரோஜா கேட்பது உயிர். இருவரும் அரசைப் பதில் சொல்ல வைக்கின்றனர்.

தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்ற பகுப்பும் இங்குப் பொருந்தும். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். அதன் உரிப்பொருள் ஊடல். வயல்வெளி ஊரில் தொடங்கிய உறவு ஊடலோடு தொடங்குகிறது. (அகப்பாடல்களில் ஊடலுக்கு வரும் காரணம் வேறு, இங்குக் காரணம் அக்காள்மீது கொண்ட பாசம்.) மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, அதன் உரிப்பொருள் புணர்தல். ரோஜா, ரிஷி இருவரின் நெருக்கத்தைப் படம் பனிமலையில் காட்டுகிறது. அதே மலை கடத்தலுக்குப் பின் பிரிவின் நிலமாகிறது. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறும் கருத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மலை மாறவில்லை, உரிப்பொருள் மாறியதால் நிலமே மாறித் தோன்றுகிறது.

நடந்ததும் நாடகமாக்கப்பட்டதும்

உலகியல் வழக்கு, நாடக வழக்கு என்று தொல்காப்பியம் இரண்டைக் குறிப்பிடுகிறது. உலகில் நடப்பது ஒன்று. படைப்புக்காகப் புனைந்து அமைப்பது மற்றொன்று. துரைசாமி நிகழ்வையும் 'ரோஜா'வையும் ஒப்பிட இவ்விரு சொற்களே போதும்.

உலகியலில் பேரம் நடந்தது, கைதிகள் விடுவிக்கப்பட்டனர், ஒருவர் உயிரோடு வீடு திரும்பினார். அம்முடிவில் மகிழ்ச்சியும் உண்டு, உறுத்தலும் உண்டு. விடுவிக்கப்பட்டவர்கள் நாளை என்ன செய்வார்கள் என்ற அச்சம் நீங்காது. விடுவிக்காமல் அந்த மனிதர் கொல்லப்பட்டிருந்தால் அவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வியும் நீங்காது. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் மறுபக்கம் ஒரு இழப்பு இருக்கும்.

படத்தில் கணவன் மீள்கிறான். வாசிம் கானும் சிறையிலேயே இருக்கிறான். யாரும் எதையும் இழக்கவில்லை. காதல் கதையும் நாட்டுப்பற்றுக் கதையும் கேட்ட இரு முடிவுகளும் ஒருங்கே கிடைத்துவிடுகின்றன. ரோஜாவின் வாதம் வென்றதா, ராயப்பாவின் மறுப்பு வென்றதா என்று தீர்ப்புச் சொல்லவேண்டிய தேவை ரிஷி தப்பியதால் இல்லாமல் போகிறது. லெவி-ஸ்ட்ராஸ் தொன்மத்தின் வேலை என்று கூறியது இதைத்தான்.

இது படத்தின் குறை என்று மட்டும் கூறிவிட இயலாது. ரோஜா மன்றாடும் காட்சிகளில் கேள்வி முழு வலிமையோடு கேட்கப்படுகிறது. ராயப்பாவும் கொடியவராகக் காட்டப்படவில்லை. அவர் மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. இரு நியாயங்களையும் ஒரு வெகுமக்கள் படம் அருகருகே நிறுத்தியது அதன் வலிமை. விடையை மட்டும் வகைமை தீர்மானித்தது.

மணிரத்னத்தின் பிற்காலப் படமான 'உயிரே' (1998, இந்தியில் 'தில் சே') இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கும் காதலும் தீவிரவாதமும் மோதுகின்றன. ஆனால் காதலர் இருவரும் குண்டு வெடிப்பில் இறக்கின்றனர். பழைய சமநிலை திரும்புவதில்லை. அதே இயக்குநர், அதே கலப்பு வகைமை, வேறு முடிவு. முடிவு மாறும்போது பார்வையாளர் திரையரங்கிலிருந்து எடுத்துச் செல்லும் கேள்வியும் மாறுகிறது.

1999 டிசம்பரில் ஐ.சி. 814 விமானம் கடத்தப்பட்டு, பயணிகளை மீட்க மூன்று தீவிரவாதிகள் விடுவிக்கப்பட்டபோது, 'ரோஜா' கேட்ட கேள்வி மீண்டும் நாட்டின் முன் நின்றது. அப்போது தப்பி ஓடிவரும் கதைநாயகன் யாரும் இல்லை.

மாணவர்கள் கவனத்திற்கு

ஒரு திரைப்படத்துக்கு இக்கோட்பாடுகளைப் பொருத்தும்போது பின்வரும் வரிசை உதவும்.

1. படத்தை ஒருமுறை முழுமையாகப் பார்த்தபின், காட்சிகளை அவை வரும் வரிசையிலேயே எழுதிக்கொள்ளவேண்டும். பிறகு அவை நடந்த கால வரிசையில் மாற்றி எழுதி, இரண்டுக்கும் வேறுபாடு உண்டா என்று பார்க்கவேண்டும்.

2. படம் எந்த வகைமையைச் சேர்ந்தது என்று ஒரே சொல்லில் விடை எழுதக்கூடாது. எந்தப் பொருட்கூறுகள், எந்தத் தொடரமைப்பு என்று தனித்தனியே குறிக்கவேண்டும்.

3. கிரைமாஸின் அட்டவணையை ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் தனியாகப் போடவேண்டும். அட்டவணைகள் எங்கே மோதுகின்றன என்று தேடவேண்டும்.

4. முக்கியக் காட்சிகளில் யாருக்கு எது தெரியும், யாருக்கு எது தெரியாது என்று குறிக்கவேண்டும்.

5. முடிவு எந்தக் கேள்விக்கு விடை தருகிறது, எந்தக் கேள்வியைத் தொடாமல் விடுகிறது என்று கேட்கவேண்டும்.

முதல் நான்கையும் செய்துவிட்டு ஐந்தாவதை விட்டுவிட்டால், கட்டுரை பெயர்ப் பட்டியலாகவே நின்றுவிடும். ஐந்தாவது கேள்வியே அப்பட்டியலை ஆய்வாக்குகிறது.

சுந்தரபாண்டியபுரம், ஆய்க்குடி, குற்றாலம் சுற்றுவட்டாரத்தில் பல திரைப்படங்களின் படப்பிடிப்பு நடந்துள்ளது. 'அந்நியன்' (2005) படப் பாடலுக்காக நடிகர்களின் முகங்கள் வரையப்பட்ட பாறைகள், 'அந்நியன் பாறை' என்றே இப்பகுதியில் அழைக்கப்படுகின்றன. ஒரே வயலும் ஒரே மலையும் ஒரு படத்தில் காதலுக்கும், மற்றொன்றில் கேளிக்கைக்கும், வேறொன்றில் வன்முறைக்கும் களமாகின்றன. இப்பகுதி மாணவர்கள் தமக்கு நன்கு தெரிந்த ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, அது இரு வேறு வகைமைப் படங்களில் எவ்வாறு காட்டப்படுகிறது என்று ஒப்பிட்டு எழுதலாம். நேரில் பார்த்த இடம் திரையில் எவ்வளவு மாறுகிறது என்பதைக் குறித்துக்கொண்டே வந்தால், உலகியலுக்கும் நாடகத்துக்கும் இடையிலுள்ள தூரம் அவர்களுக்குத் தானே புலப்படும்.